சர்வர் நிறுவனமும் ஹைப்பர்வைசர் நிறுவனமும் கைகோத்தால் வாங்குகிறவருக்கு என்ன?

கேள்வி இதுதான்: சர்வரும் ஒரு கம்ப்யூட்டர்; அதில் பல கம்ப்யூட்டர்கள் (விர்ச்சுவல் மெஷின்கள்) இருப்பதுபோல ஓட்டிக் காட்டும் ஹைப்பர்வைசரும் ஒரு மென்பொருள். அப்படியிருக்க ப்ராசசர் செய்யும் இன்டெலும் ஹைப்பர்வைசர் செய்யும் விஎம்வேரும், சிஸ்கோவும் ஸ்டோரேஜ் நிறுவனமான இஎம்சியும், எச்பியும் மைக்ரோசாஃப்டும் எதற்காக மாற்றி மாற்றிக் கூட்டணி அறிவித்தார்கள்? 'சான்று பெற்ற வன்பொருள்' என்று கூடுதல் விலை சொல்கிறார்களே, அதை வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கூட்டணி என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நடப்பது நான்கு தனித்தனி வேலைகள். ப்ராசசருக்குள் ஹைப்பர்வைசருக்காகவே சேர்த்த வசதிகள் ஒன்று. எந்த டிரைவர் எந்த ஃபர்ம்வேரோடு (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஓடும் என்று சோதித்துப் போடும் பட்டியல் இரண்டு. கோளாறு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்கிற ஏற்பாடு மூன்று. விலை, லைசென்ஸ், பங்கு முதலீடு அடங்கிய வணிக ஒப்பந்தம் நான்கு. முதலாவது சிலிக்கானில் இருக்கிறது. யாரை யார் வாங்கினாலும் விற்றாலும் போகாது. இரண்டாவதை ஒவ்வொரு பதிப்புக்கும் புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது காசு கொடுத்து வாங்கும் வசதி. நான்காவதை நம்பி ஐந்து வருடத் திட்டம் போடக் கூடாது. செய்திகளில் அதிகம் அடிபடுவது என்னவோ அந்த நான்காவதுதான்.

முதலில் ப்ராசசர். ஐபிஎம் தன் மெயின்ஃபிரேமுக்கு 1972லேயே விஎம்/370 கொடுத்துவிட்டது. அங்கே வன்பொருளும் மென்பொருளும் ஒரே நிறுவனத்துக்குள். இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்களின் எக்ஸ்86 வகை அப்படியில்லை. ஒரு ப்ராசசரில் விர்ச்சுவல் மெஷின் ஒழுங்காக ஓட என்ன தேவை என்று போபெக்கும் கோல்ட்பெர்க்கும் 1974இல் வரையறுத்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், இயந்திரத்தின் நிலையைத் தொடுகிற எந்தக் கட்டளையையும் உரிமை இல்லாத நிரல் இயக்கினால், ப்ராசசர் அதை நிறுத்தி ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்க வேண்டும். பெண்டியம் ப்ராசசரில் இந்த விதிக்கு அடங்காத கட்டளைகள் 17 இருந்தன. பாப்எஃப் என்ற கட்டளையைப் பாருங்கள். உரிமை இல்லாத நிலையில் அதை இயக்கினால் இன்டரப்ட் கொடி (குறுக்கீடுகளை ஏற்பதா என்று சொல்லும் பிட்) மாறாது. மாறவில்லை என்ற பிழையும் வராது. கெஸ்ட், அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம், இன்டரப்டை அணைத்துவிட்டதாக நினைத்து மேலே போகும். அப்படி ஒன்று கேட்கப்பட்டதே ஹைப்பர்வைசருக்குத் தெரியாது.

1998இல் தொடங்கிய விஎம்வேர் இதைச் சமாளித்தது பைனரி டிரான்ஸ்லேஷன் முறையில். கெஸ்ட்டின் கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) கட்டளைகளை ஓடும்போதே படித்து, வில்லங்கமானவற்றை மாற்றி எழுதி ஓட்டினார்கள். கேம்பிரிட்ஜில் உருவான ஸென் என்ற ஹைப்பர்வைசர் 2003இல் வேறு வழி பிடித்தது: கெஸ்ட் கர்னலையே திருத்திவிடுவது. லினக்ஸில் அது முடிந்தது; மூல நிரல் கையில் இல்லாத விண்டோஸில் முடியவில்லை. ஹைப்பர்வைசர்காரர்களுக்கு ப்ராசசர் நிறுவனங்களின் தயவு தேவைப்பட்ட இடம் இதுதான். ப்ராசசர் நிறுவனங்களுக்கும் சுயநலம் இருந்தது. பத்து சர்வரை ஒன்றாகச் சுருக்கும் தொழில்நுட்பம் சர்வர் விற்பனையைக் கெடுக்கும் என்று பயந்தவர்கள் உண்டு. நடந்தது, சுருக்கப்பட்ட அந்த ஒரு சர்வருக்கு அதிக கோரும் அதிக மெமரியும் விற்றது.

இன்டெல் 2005 நவம்பரில், அப்படிப்பட்ட கட்டளைகளையும் ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கும் விடி-எக்ஸ் வசதியோடு முதல் பெண்டியம் 4 மாடல்களை வெளியிட்டது. ஏஎம்டி 2006இல் அதேபோன்ற ஏஎம்டி-வி கொண்டுவந்தது. இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று பலரும் எழுதுவார்கள். தீரவில்லை. கெஸ்ட்டிலிருந்து ஹைப்பர்வைசருக்கு ஒவ்வொரு முறை தாவுவதற்கும் முதல் தலைமுறை ப்ராசசர்களில் செலவு அதிகம். பல வேலைகளில் பழைய பைனரி டிரான்ஸ்லேஷனே வேகமாக ஓடுகிறது என்று விஎம்வேர் பொறியாளர்களே 2006இல் அளந்து காட்டினார்கள். உண்மையான முன்னேற்றம் மெமரி அட்டவணையில் வந்தது. அதுவரை கெஸ்ட்டின் பேஜ் டேபிளுக்கு (மெமரி முகவரிகளை மாற்றித்தரும் அட்டவணை) ஒரு நிழல் நகலை ஹைப்பர்வைசர் பராமரித்தது. கெஸ்ட் தன் அட்டவணையில் கைவைக்கும்போதெல்லாம் நகலையும் திருத்த வேண்டும். 2007இல் ஏஎம்டியின் பார்சிலோனா ப்ராசசரும், அடுத்து இன்டெலின் நெஹாலமும் கெஸ்ட்டில் ஒன்று, ஹோஸ்ட்டில் (கெஸ்ட்டுகளைச் சுமக்கும் சர்வரில்) ஒன்று என்ற இந்த இரண்டு அடுக்கு முகவரி மாற்றத்தைத் தாங்களே செய்ய ஆரம்பித்தன. நெஹாலம் அடிப்படையிலான ஸியான் 5500 வரிசை 2009 மார்ச்சில் வந்தது. டேட்டாபேஸை விர்ச்சுவல் மெஷினில் போடலாமா என்ற தயக்கம் குறைந்தது இதற்குப் பிறகுதான்.

இதிலும் ஒரு விலை உண்டு. நேரடியாக ஓடும்போது ஒரு முகவரியைக் கண்டுபிடிக்க அதிகபட்சம் 4 முறை மெமரியைத் தொட்டால் போதும். இரண்டு அடுக்கில் அது 24 வரை போகும். அதனால்தான் பெரிய டேட்டாபேஸ் ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு 4 கேபி பக்கங்களை விட 2 எம்பி பக்கங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. ஹோஸ்ட்டில் மெமரி தட்டுப்பாடு வந்தால் விஎம்வேரின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ்ஐ இந்தப் பெரிய பக்கங்களை உடைத்துச் சிறியதாக்கிப் பகிர ஆரம்பிக்கும். 'எதையும் மாற்றவில்லை, திடீரென்று மெதுவாகிவிட்டது' என்ற புகார் வந்தால் அந்த ஹோஸ்ட்டின் மெமரி நிலவரத்தை முதலில் பாருங்கள்.

ப்ராசசர் மட்டத்தில் இன்னொரு கூட்டு வேலை, ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்துவது. புது ப்ராசசரில் இருக்கும் கட்டளை பழையதில் இல்லையென்றால், நகர்ந்த மறுகணம் கெஸ்ட் விழுந்துவிடும். இதற்காகத்தான் 2008 வாக்கில் இன்டெலும் ஏஎம்டியும் தங்கள் ப்ராசசரின் சில அடையாளக் கொடிகளை மறைக்க வழிசெய்தன; விஎம்வேர் அதன்மேல் இவிசி என்ற வசதியைக் கட்டியது. கிளஸ்டரை (சேர்ந்து இயங்கும் ஹோஸ்ட்டுகளின் குழு) தொடங்கும் நாளிலேயே இவிசியைப் போட்டுவிடுங்கள். மூன்று வருடம் கழித்துப் புது சர்வர் சேர்க்கும்போது அது பழைய மட்டத்துக்கு இறங்கி வந்து கலந்துகொள்ளும். பின்னாளில் மட்டத்தை உயர்த்தினால், ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்ட்டுகள் புது வசதிகளை உடனே பார்க்காது; ஒவ்வொன்றையும் முழுக்க அணைத்து எழுப்ப வேண்டும். உள்ளிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் போதாது. இன்டெலிலிருந்து ஏஎம்டிக்கு ஓட்டத்திலேயே நகர்த்துவது எந்த இவிசியாலும் ஆகாது. அணைத்துத்தான் நகர்த்த வேண்டும். ஒரே கிளஸ்டரில் இரண்டையும் கலந்து வாங்குவதைத் தவிர்க்க இது ஒன்றே போதுமான காரணம்.

லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் இதே விஷயம் வேறு உருவில் கடிக்கும். ஹோஸ்ட்டின் ப்ராசசரை அப்படியே கெஸ்ட்டுக்குக் காட்டும் அமைப்பை வைத்தால் வேகம் கிடைக்கும், வேறு மாடல் ஹோஸ்ட்டுக்கு நகர்த்துவது சிக்கலாகும். மறுபக்கம், பாதுகாப்பு என்று மிகப் பழைய பொது மாடலை வைத்தால் ரெட் ஹேட் 9 கெஸ்ட் பூட்டே ஆகாது. எக்ஸ்86-64-வி2 (அது எதிர்பார்க்கும் ப்ராசசர் மட்டம்) இல்லை என்று கிளிப்சி என்ற அடிப்படை நூலகம் பிழை காட்டி நின்றுவிடும். நடுவில் ஒரு பெயரிட்ட மாடலைத் தேர்ந்து எல்லா ஹோஸ்ட்டிலும் அதையே வைப்பதுதான் வழி.

அடுத்தது இரண்டாவது மட்டம். வாங்குகிறவரின் பணமும் தூக்கமும் போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு நெட்வொர்க் கார்டுக்கு 'இன்டெல் 10 ஜிகாபிட்' என்று பெயர் இருந்தால் போதாது. கார்டுக்குள் நான்கு எண்கள் உண்டு: தயாரிப்பாளர் எண், சாதன எண், துணைத் தயாரிப்பாளர் எண், துணைச் சாதன எண். இன்டெலின் தயாரிப்பாளர் எண் 8086, அதை மாற்றமாட்டார்கள். ஆனால் அதே சிப்பை டெல் தன் பெயரில் விற்றால் ஒரு துணை எண், எச்பிஇ விற்றால் வேறு. விஎம்வேரின் பொருத்தப் பட்டியலில் இந்த நான்கையும் கொடுத்துத் தேடினால்தான் சரியான வரி கிடைக்கும். அந்த வரியில் பார்க்க வேண்டியது டிரைவர் பதிப்பும் அதற்கு எதிரே போட்டிருக்கும் ஃபர்ம்வேர் பதிப்பும். இரண்டும் ஜோடியாகச் சோதிக்கப்பட்டவை. ஹைப்பர்வைசரைப் புதுப்பித்தால் டிரைவர் தானாகப் புதிதாகும். கார்டுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் பழையதாகவே கிடக்கும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் பேக்கப் ஓடும் நேரத்தில் லிங்க் விழுந்து எழும், ஸ்டோரேஜ் பாதை அறும், கெஸ்ட்டுகளின் டிஸ்க் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போகும். சப்போர்ட்டைக் கூப்பிட்டால் முதல் பதில் 'ஃபர்ம்வேரைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்' என்பதாகத்தான் இருக்கும். அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை, சோதிக்காத ஜோடியில் வந்த கோளாறை அவர்களால் தங்கள் ஆய்வகத்தில் திரும்ப வரவழைக்க முடியாது.

எந்த வரிசையில் புதுப்பிப்பது என்பதில் சர்வர் நிறுவனங்களுக்குள் வழக்கம் கொஞ்சம் வேறுபடும். பொதுவாக: மேலாண்மைச் சிப்பின் ஃபர்ம்வேர், பயாஸ், பிறகு நெட்வொர்க் மற்றும் ஸ்டோரேஜ் கார்டு ஃபர்ம்வேர், கடைசியில் ஹைப்பர்வைசர். ஒரு ஹோஸ்ட்டைக் காலிசெய்து முழுவதும் முடித்து, ஒரு வாரம் அதில் முக்கியமில்லாத கெஸ்ட்டுகளை ஓடவிட்டுப் பார்த்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். எல்லா ஹோஸ்ட்டையும் ஒரே இரவில் முடித்துவிட வேண்டும் என்ற ஆசைதான் பல நீண்ட இரவுகளுக்குக் காரணம்.

பெரிய பதிப்பு மாறும்போது பட்டியலிலிருந்து சாதனங்கள் உதிரும். 2020இல் வந்த இஎஸ்எக்ஸ்ஐ 7 பழைய லினக்ஸ் பாணி டிரைவர் அடுக்கை அடியோடு நீக்கியது. அதை நம்பியிருந்த கார்டுகள், அதுவரை ஒழுங்காக ஓடியவைகூட, கண்ணுக்கே தெரியாமல் போயின. அதே பதிப்பில் பூட் டிஸ்க்கின் அமைப்பும் மாறியது. முந்தைய வழக்கப்படி சர்வருக்குள் ஒரு எஸ்டி கார்டைச் செருகி அதிலிருந்து பூட் செய்தவர்கள் ஏராளம்; சர்வர் நிறுவனங்களே அப்படித்தான் விற்றன. புது அமைப்பில் ஹைப்பர்வைசர் அடிக்கடி எழுத ஆரம்பித்ததும் எஸ்டி கார்டுகள் தேய்ந்து செத்தன. பிறகு விஎம்வேர், எழுதும் பகுதியை நிரந்தர டிஸ்க்கில் வைக்கச் சொல்லி வழிகாட்டியது. இரண்டு தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தும் இந்த ஓட்டை விழுந்தது. இப்போது வாங்குவதானால் பூட்டுக்கென்று இரண்டு எம்.2 எஸ்எஸ்டி, கண்ணாடிப் பிரதியாக, கேட்டு வாங்குங்கள். மொத்த விலையில் அது சில்லறை.

ப்ராசசர் மட்டமும் ஃபர்ம்வேர் மட்டமும் சந்திக்கும் இடத்தை 2018 ஜனவரியில் எல்லோரும் பார்த்தார்கள். ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற ப்ராசசர் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க மைக்ரோகோட் (ப்ராசசருக்குள் ஏற்றும் திருத்த நிரல்), ஹைப்பர்வைசர், கெஸ்ட் கர்னல் மூன்றும் மாற வேண்டியிருந்தது. இன்டெல் கொடுத்த முதல் மைக்ரோகோடால் ஹாஸ்வெல், பிராட்வெல் சர்வர்கள் தாமாக ரீபூட் ஆக, அந்த மாதமே அதைப் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. விஎம்வேரும் அதை உள்ளடக்கிய பேட்ச்சைப் பின்வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த எல்1டிஎஃப் ஓட்டைக்கு முழு மருந்து, ஒரு கோரின் இரண்டு திரெட்டுகளை இரண்டு வேறு கெஸ்ட்டுகளுக்குக் கொடுக்காமல் இருப்பது. அதைத் தானாக இயங்கவிட்டால் பலருடைய ஹோஸ்ட் கொள்ளளவு போதாமல் போகும் என்பதால், முடிவை வாடிக்கையாளரிடமே விட்டார்கள். கொள்ளளவு கணக்கில் ஹைப்பர்திரெடிங்கை (ஒரு கோரை இரண்டு திரெட்டாகக் காட்டுவது) இரட்டிப்பாக எண்ணக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

பயாஸில் கைவைக்க வேண்டியவை சில. விடி-எக்ஸ் அல்லது (ஏஎம்டியில்) எஸ்விஎம் திறந்திருக்க வேண்டும். சர்வர்களில் பொதுவாகத் திறந்தே வரும். லினக்ஸில் ப்ராசசர் கொடிகளில் விஎம்எக்ஸ் அல்லது எஸ்விஎம் தெரிகிறதா என்று பார்த்தால் முடிந்தது. விடி-டி எனப்படும் ஐஓஎம்எம்யு தனி சுவிட்ச். சாதனத்தைக் கெஸ்ட்டுக்கு நேராகக் கொடுப்பதானால் அது கட்டாயம். ஜிபியு போடுவதானால் 4ஜிக்கு மேல் முகவரி ஒதுக்கும் அமைப்பையும் திறக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு இருக்கும், கெஸ்ட் எழும்பாது. நோட் இன்டர்லீவிங் என்பதை அணைத்தே வையுங்கள். திறந்தால் ஹைப்பர்வைசருக்கு எந்த மெமரி எந்த ப்ராசசருக்குப் பக்கம் என்பது தெரியாமல் போய்விடும். பவர் அமைப்பை 'ஆபரேட்டிங் சிஸ்டம் கட்டுப்பாடு' அல்லது 'அதிகபட்சச் செயல்திறன்' என்று வையுங்கள். சர்வரே பவரை நிர்வகிக்கும் இயல்பு அமைப்பில் விட்டால், குறைந்த சுமையில் ப்ராசசர் அரைத்தூக்கத்தில் இருக்கும், அதைத் தட்டி எழுப்பும் தாமதம் கெஸ்ட்டுகளில் புரியாத மந்தமாகத் தெரியும்.

மெமரி வாங்கும்போது சேனல் கணக்கைப் பாருங்கள். மூன்றாம் தலைமுறை ஸியான் ஸ்கேலபிளுக்கு ப்ராசசர் ஒன்றுக்கு 8 சேனல். எபிக் 9004 வரிசைக்கு 12. இரண்டு ப்ராசசர் ஸியான் சர்வரில் 512 ஜிபி வேண்டுமானால் 32 ஜிபி குச்சி 16 போடுவது சரி. 64 ஜிபி குச்சி 8 போட்டால் அளவு அதேதான், ஆனால் பாதிச் சேனல் காலி, மெமரி வேகமும் பாதி. 'பிறகு கூட்டிக்கொள்ளலாம்' என்று விற்பனையாளர் பாதி ஸ்லாட்டைக் காலியாக விட்டு விலை கொடுப்பது வழக்கம். கூட்டிக்கொள்ளும் நாள் பெரும்பாலும் வராது.

இதே சர்வரில், ப்ராசசருக்கு 16 கோர் என்று வையுங்கள், ஒவ்வொரு ப்ராசசரின் பக்கத்து மெமரி 256 ஜிபி. 12 விசிபியு (கெஸ்ட்டுக்குக் கொடுக்கும் விர்ச்சுவல் ப்ராசசர்), 128 ஜிபி கெஸ்ட் ஒரே பக்கத்தில் அடங்கும். 20 விசிபியு அல்லது 300 ஜிபி கொடுத்தால் இரண்டு பக்கமும் பரவி, பாதி மெமரியை அடுத்த ப்ராசசர் வழியாகப் போய் எடுக்கும். 'வேகமாக ஓடட்டும்' என்று விசிபியுவைக் கூட்டினால் மெதுவாவது இப்படித்தான். சிபியு ரெடி (கெஸ்ட் ப்ராசசருக்காகக் காத்திருந்த நேரம்) என்ற அளவைப் பாருங்கள்: 20 விநாடி வரைபடத்தில் ஒரு விசிபியுவுக்கு 1000 மில்லிவிநாடி என்றால் 5 சதவீதம். அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும், 10ஐத் தாண்டினால் பயனரே புகார் செய்வார். மூன்று ஹோஸ்ட் கிளஸ்டரில் இரண்டு ஹோஸ்ட்டின் மெமரிக்குள் எல்லாக் கெஸ்ட்டையும் அடக்குங்கள். மூன்றாவது ஹோஸ்ட் சும்மா இருப்பதுபோலத் தோன்றும். பேட்ச் போடும் நாளில் அதன் அருமை தெரியும்.

மூன்றாவது மட்டமான சப்போர்ட் ஏற்பாட்டுக்கு நல்ல உதாரணம் விபிளாக். சிஸ்கோ 2009 மார்ச்சில் யுசிஎஸ் சர்வர்களோடு சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சிஸ்கோ, இஎம்சி, விஎம்வேர் மூன்றும் விசிஇ கூட்டணியை அறிவித்தன; சர்வர், ஸ்டோரேஜ், சுவிட்ச், ஹைப்பர்வைசர் எல்லாம் தொழிற்சாலையிலேயே ரேக்கில் பூட்டி வரும் பெட்டிதான் விபிளாக். அளவையும் விர்ச்சுவல் மெஷின் கணக்கில் சொன்னார்கள்: நடுத்தர மாடலுக்கு 800 முதல் 3000 வரை. இதன் உண்மையான மதிப்பு பெட்டியில் இல்லை, கூடவே வந்த பதிப்புப் பட்டியலில் இருந்தது. எந்த சுவிட்ச் மென்பொருள், எந்தக் கார்டு ஃபர்ம்வேர், எந்த ஹைப்பர்வைசர் பேட்ச் சேர்த்துச் சோதிக்கப்பட்டது என்று ஒரே தாளில். கோளாறு என்றால் ஒரே தொலைபேசி எண். தனித்தனியாக வாங்கியவருக்கு ஸ்டோரேஜ்காரர் சுவிட்ச்சைக் கைகாட்டுவார், சுவிட்ச்காரர் டிரைவரைக் கைகாட்டுவார், டிரைவர்காரர் மறுபடி ஸ்டோரேஜைக் கைகாட்டுவார்.

அந்தக் கூட்டணி என்ன ஆனது? 2014இல் சிஸ்கோ தன் பங்கை 10 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது. 2016இல் இஎம்சியையே டெல் வாங்கியது. சிஸ்கோவோடு சர்வர் சந்தையில் மோதும் அதே டெல். 2010 ஜனவரியில் எச்பியும் மைக்ரோசாஃப்டும் மூன்று ஆண்டுகளில் 25 கோடி டாலர் செலவிடுவதாக அறிவித்த கூட்டு பெரிய செய்தியானது. இன்று அதை நினைவில் வைத்திருப்பவர் குறைவு. அதற்கும் முன், 2007இல், விஎம்வேர் பங்குச்சந்தைக்கு வரும் தறுவாயில் இன்டெல் 21.85 கோடி டாலரும் சிஸ்கோ 15 கோடி டாலரும் அதில் போட்டன. பங்குகள் கைமாறின, ஒப்பந்தங்கள் காலாவதியாயின. அதே காலத்தில் சேர்ந்து செய்த ப்ராசசர் வேலை மட்டும் இன்றைக்கும் விஎம்வேருக்கும் உதவுகிறது, அதன் போட்டியாளருக்கும் உதவுகிறது. கேவிஎம் லினக்ஸ் கர்னலில் 2.6.20 பதிப்பில், 2007 பிப்ரவரியில், இவ்வளவு சின்ன நிரலாக நுழைய முடிந்ததற்குக் காரணமே கடினமான பகுதியை ப்ராசசர் எடுத்துக்கொண்டதுதான்.

நான்காவது மட்டம் எப்படிக் கலையும் என்பதை 2023 நவம்பருக்குப் பிறகு உலகமே பார்த்தது. பிராட்காம் விஎம்வேரை வாங்கிய அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றது. எல்லாம் சந்தா, கோர் கணக்கில், ப்ராசசர் ஒன்றுக்குக் குறைந்தது 16 கோர். இரண்டு 8 கோர் ப்ராசசர் உள்ள சின்ன சர்வருக்கும் 32 கோருக்குக் கட்ட வேண்டும். அந்த சர்வரில் ஒரே 16 கோர் ப்ராசசரைப் போட்டிருந்தால் சந்தா பாதி. வன்பொருள் தேர்வு லைசென்ஸ் தேர்வும்தான். விண்டோஸ் சர்வரும் 2016 பதிப்பிலிருந்து கோர் கணக்குத்தான்: ப்ராசசருக்குக் குறைந்தது 8, சர்வருக்குக் குறைந்தது 16. இரண்டு விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ப்ராசசரைத் தேர்ந்தெடுங்கள், கிகாஹெர்ட்ஸை அதற்கப்புறம் பார்க்கலாம்.

விஎம்வேரிலிருந்து கேவிஎம் வகைக்கு, உதாரணமாக ப்ராக்ஸ்மாக்ஸுக்கு, மாறுபவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. விண்டோஸ் கெஸ்ட்டை நகலெடுத்து, வேகத்துக்காக விர்ட்ஐஓ (கேவிஎம்மின் விர்ச்சுவல் சாதன முறை) டிஸ்க்காக மாட்டி எழுப்பினால் நீலத்திரை. 7பி என்று முடியும் பிழை எண். பூட் டிஸ்க்கைப் படிக்க டிரைவர் இல்லை என்று பொருள். முதலில் அதை சாட்டா டிஸ்க்காக மாட்டி எழுப்புங்கள். கூடவே ஒரு ஜிபி அளவில் சின்ன விர்ட்ஐஓ டிஸ்க் ஒன்றைச் சேருங்கள். விண்டோஸ் அதைக் கண்டதும் விர்ட்ஐஓ டிரைவர் தொகுப்பை நிறுவுங்கள். அணைத்து, பூட் டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றி, சின்ன டிஸ்க்கை நீக்கி, பூட் வரிசையைச் சரிபார்த்து எழுப்புங்கள். பழைய விஎம்வேர் டூல்ஸை நகர்த்தும் முன்பே நீக்கிவிடுவது நல்லது. பிறகு நீக்க முயன்றால் அது 'நான் விஎம்வேரில் இல்லை' என்று முரண்டு பிடிக்கும். நிலையான ஐபி முகவரியையும் குறித்துவையுங்கள். புது நெட்வொர்க் கார்டு வந்ததும் பழைய முகவரி காணாமல் போன கார்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கிளவுடில் இந்தக் கூட்டணி வேறு வடிவம் எடுத்தது: இரண்டு நிறுவனம் சேர்வதற்குப் பதில் ஒரே நிறுவனம் இரண்டு வேலையையும் செய்ய ஆரம்பித்தது. அமேசான் 2006இல் ஸென் மேல் இசி2 என்ற வாடகை சர்வர் சேவையைத் தொடங்கியது. 2015இல் அன்னபூர்ணா லேப்ஸ் என்ற சிப் நிறுவனத்தை வாங்கியது. 2017 நவம்பரில் சி5 வகையோடு நைட்ரோ முறைக்கு வந்தது. நெட்வொர்க்கும் டிஸ்க்கும் தனிக் கார்டுகளுக்குப் போய்விட, ஹோஸ்ட் ப்ராசசரில் மிஞ்சியது கேவிஎம் அடிப்படையிலான மெல்லிய ஹைப்பர்வைசர். வாடகைக்கு எடுப்பவருக்கு இது தெரியத் தேவையில்லை என்பார்கள். பழைய எம்4 வகையிலிருந்து எம்5க்கு மாற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும். டிஸ்க்கின் பெயர் எக்ஸ்விடி என்பதிலிருந்து என்விஎம்இ என்று மாறும். மவுன்ட் பட்டியலில் டிஸ்க்கைப் பெயரால் எழுதியிருந்தால் பூட் நின்றுவிடும், யுயுஐடியால் (டிஸ்க் பகுதியின் அடையாள எண்) எழுதியிருந்தால் தப்பிக்கலாம். இஎன்ஏ நெட்வொர்க் டிரைவர் கெஸ்ட்டில் இல்லையென்றால் சர்வர் எழும், உள்ளே போக வழியிருக்காது. வகையை மாற்றும் முன், ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த இரண்டையும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸ்யூரிலும் ஒரு கண்ணி உண்டு. ஆக்சலரேட்டட் நெட்வொர்க்கிங் போட்டால் எஸ்ஆர்-ஐஓவி மூலம் நெட்வொர்க் கார்டின் ஒரு துண்டு நேராகக் கெஸ்ட்டுக்குள் வரும். பக்கத்திலேயே மென்பொருள் கார்டும் இருக்கும். ஹோஸ்ட்டில் பராமரிப்பு நடக்கும்போது அந்தத் துண்டு உருவப்படும், போக்குவரத்து மென்பொருள் கார்டுக்கு மாறும், பிறகு திரும்ப வரும். ஃபயர்வால் விதியையோ அப்ளிகேஷனையோ அந்தத் துண்டின் பெயரில் கட்டியிருந்தால் அந்தச் சில விநாடிகளில் அறுந்துவிடும். எப்போதும் மென்பொருள் கார்டின் பெயரில்தான் கட்ட வேண்டும்.

இனி 'சான்று பெற்றதுதான் வாங்க வேண்டுமா' என்பதற்கு. சோதனைக்கூடத்துக்குத் தேவையில்லை. ஒன்றிரண்டு சர்வர், உள்ளே இருக்கும் டிஸ்க், கேவிஎம் என்றால் பிரபல நிறுவனத்தின் சாதாரண மாடல் போதும். லினக்ஸ் கர்னலிலேயே டிரைவர் இருக்கும் நெட்வொர்க் கார்டாகப் பார்த்துக்கொள்ளுங்கள். விஎம்வேர் சப்போர்ட்டுக்குப் பணம் கட்டுகிறீர்களா, பட்டியலில் இல்லாத வன்பொருளில் அந்தப் பணம் வீண். எல்லா ஹோஸ்ட்டின் டிஸ்க்கையும் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாக்கும் விசான் போன்ற முறை என்றால் பேச்சே இல்லை: கன்ட்ரோலர், எஸ்எஸ்டி, ஃபர்ம்வேர் மூன்றும் பட்டியலில் வரிக்கு வரி இருக்க வேண்டும். அங்கே பிசகினால் வேகம் குறைவதோடு நிற்காது, டேட்டா போகும்.

கொட்டேஷன் கேட்கும்போது 'விஎம்வேருக்குப் பொருந்தும்' என்ற வரியை ஏற்காதீர்கள். எந்தப் பதிப்பு, எந்த அப்டேட், ஒவ்வொரு கார்டின் நான்கு எண்கள், ஒப்படைக்கும் நாளில் அதில் இருக்கப்போகும் ஃபர்ம்வேர் பதிப்பு, அடுத்த பெரிய பதிப்பில் அந்த ப்ராசசருக்கு ஆதரவு உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். அடுத்த பதிப்பைப் பற்றி மட்டும் எழுதித்தரத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் ப்ராசசர் இரண்டு தலைமுறை பழையது என்பதாலா என்று கேளுங்கள். ஆம் என்றால் விலையை அதற்கேற்பக் குறைத்துப் பேசலாம்.